காசு வாங்காத கருத்துக்குக் கணக்கு எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இணையத்தில் அரசியல் பேசுவோர் அனைவரையும் தேர்தல் செலவுக் கணக்கு விதிகளுக்குள் கொண்டுவர வேண்டும் என்ற குரல் தேர்தல்தோறும் எழுகிறது. கட்சியிடம் ஒரு காசும் வாங்காமல் தன் மனத்தில் பட்டதை எழுதும் குடிமகனையும் இது வேட்பாளரின் செலவுப் பட்டியலில் சேர்த்துவிடும் என்பதால், இதை நான் எதிர்க்கிறேன்.

அமெரிக்கா இந்தச் சிக்கலை முன்பே சந்தித்தது. 2002ஆம் ஆண்டின் தேர்தல் நிதிச் சட்டத்துக்கு விதிகள் வகுத்தபோது, அங்குள்ள கூட்டாட்சித் தேர்தல் ஆணையம் இணையத்துக்கு முழு விலக்கு அளித்தது. 2004இல் நீதிமன்றம் அந்த விலக்கை ரத்து செய்ததும், தங்கள் எழுத்தே கட்சிக்கு அளித்த நன்கொடையாகக் கருதப்படுமோ என்று வலைப்பதிவர்கள் அஞ்சினார்கள். 2006 மார்ச்சில் ஆணையம் ஒருமனதாக ஏற்ற விதி அந்த அச்சத்தைப் போக்கியது. பிறருடைய தளத்தில் கட்டணம் செலுத்தி வெளியிடும் விளம்பரம் கட்டுப்பாட்டுக்கு உட்படும்; ஊதியமின்றித் தனிமனிதர் எழுதுவது செலவாகவோ நன்கொடையாகவோ கொள்ளப்படாது. செய்தித்தாள்களுக்கு இருந்த விலக்கு இணைய இதழ்களுக்கும் வலைப்பதிவுகளுக்கும் கிடைத்தது.

நம் தேர்தல் ஆணையம் 2013 அக்டோபர் 25 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, வேட்பாளர்கள் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளை, வேட்புமனுவுடன் அளிக்கும் உறுதிமொழிப் பத்திரமான படிவம் 26இல் தெரிவிக்க வேண்டும்; இணைய விளம்பரம், பதிவுகளின் தயாரிப்பு, அதற்கென அமர்த்திய பணியாளர்களின் சம்பளம் ஆகியவற்றைச் செலவுக் கணக்கில் காட்ட வேண்டும். இது முற்றிலும் சரியானது. ஆனால் கட்சியும் வேட்பாளரும் அல்லாத பிறரின் பதிவுகளை எப்படிக் கையாள்வது என்பது குறித்துத் தகவல் தொழில்நுட்பத் துறை அமைச்சகத்துடன் ஆலோசித்து வருவதாக மட்டுமே அந்த உத்தரவு கூறியது. இன்னொரு பக்கம், வேட்பாளரின் எழுத்துபூர்வமான அனுமதியின்றி அவருடைய வெற்றிக்காகச் செலவு செய்பவருக்கு, குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 176ஆவது பிரிவு 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. பத்து நாள்களுக்குள் ஒப்புதல் பெற்றுச் சரிசெய்துகொள்ளும் சலுகை, 10 ரூபாய்க்கு மிகாத செலவுக்கு மட்டுமே உண்டு. ஒரு காணொளியைப் பதிவேற்றும் கல்லூரி மாணவரின் கைபேசிக் கட்டணமே அதைத் தாண்டிவிடும் என்பதை நினைத்தால் கவலையாக இருக்கிறது.

பணம் பெற்றுக்கொண்டு சொந்தக் கருத்தைப் போலப் பிரசாரம் செய்யும் யூடியூபர்கள் தப்பிவிடுவார்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அவர்களுக்குக் கொடுத்த தொகையைப் பெயருடன் தன் கணக்கில் காட்டும் பொறுப்பு கொடுத்த கட்சியைச் சேரட்டும். பணம் பெறாத தனிமனிதரின் கருத்து எந்தச் செலவுக் கணக்கிலும் சேராது என்று அடுத்த தேர்தல் அறிவிப்புக்கு முன்பே ஆணையம் எழுத்தில் தெளிவுபடுத்தட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
கும்பகோணம்.