செசி நம்பரைப் பார்த்து வாங்குங்கள்

ஆசிரியருக்கு,

கடந்த வருடம் ஹட்டனில் பழைய வான் ஒன்று வாங்கினேன். பதிவுப் புத்தகத்திலுள்ள செசி நம்பரை (வண்டியின் அடிச்சட்டத்தில் வெட்டியிருக்கும் அடையாள எண்) வண்டியில் ஒத்துப் பார்க்கவில்லை. பிறகு கராஜில் துருவைச் சுரண்டியபோதுதான் தெரிந்தது, கடைசி இரண்டு இலக்கங்கள் மாற்றி வெட்டப்பட்டிருந்தன. சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசு! இன்றும் வயிறு எரிகிறது.

ஜப்பானில் ஓடிய வாகனங்களில் பெரும்பாலும் மற்ற நாட்டு வண்டிகளில் உள்ளதுபோல் 17 எழுத்துச் செசி நம்பர் இருக்காது. மாடல் குறியீடும் வரிசை எண்ணும் சேர்ந்த குறுகிய நம்பர்தான். அதை வைத்து அங்குள்ள ஏலப் பதிவில் மைலேஜ், அடிபட்ட விபரம் தேடலாம். வண்டி லீசிங்கில் இருக்கிறதா என்பதை மட்டும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களப் பதிவில் பார்க்க வேண்டும்.

வாகன வருமான அனுமதிப்பத்திரம் கொடுக்கும் பிரதேச செயலகத்திலேயே இந்தச் சரிபார்ப்பையும் அதிகாரிகள் தமிழில் செய்து தர வேண்டும். ஒருநாள் சம்பளத்தை விட்டுக் கொழும்புக்கு அலைய எங்களால் முடியாது.

வாசகர் ஒருவர்,
ஹட்டன்.