54 வோல்ட் தெரியும், அதற்குப் பின்னால் நடந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிளஸ் டூ இயற்பியலில், எலெக்ட்ரானுக்கு அலைத்தன்மை உண்டு என்று காட்டிய டேவிசன்-ஜெர்மர் சோதனை என்றால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் 54 வோல்ட் (எலெக்ட்ரானை முடுக்கிய வோல்டேஜ்), 50 டிகிரி (எலெக்ட்ரான் அதிகம் சிதறிய கோணம்) என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். அந்த 54 எப்படி வந்தது என்று என் மகளைக் கேட்டால், "அதெல்லாம் பரீட்சைக்கு வராதுங்கப்பா" என்கிறாள். அவள் மேல் தப்பில்லை, பள்ளியில் அப்படித்தான் நடத்துகிறார்கள்.

ஆனால் அங்கேதானே விஷயமே இருக்கிறது! நியூயார்க்கில் அந்த இருவரும் அலையைத் தேடிப் போகவில்லை. நிக்கல் மேல் எலெக்ட்ரான்களை அடித்து, எந்தக் கோணத்தில் எவ்வளவு சிதறுகிறது என்று அளந்துகொண்டிருந்தார்கள். 1925-ல் திரவக் காற்று இருந்த பாட்டில் வெடித்து, வெற்றிடக் குழாய் உடைந்து, காற்று புகுந்து, சூடாக இருந்த நிக்கலில் ஆக்சைடு படிந்துவிட்டது. தூக்கிப் போடவில்லை. ஆக்சைடு போக வெகுநேரம் காய்ச்சினார்கள், அந்தச் சூட்டில் நிக்கலின் பொடிப் படிகங்கள் சேர்ந்து சில பெரிய படிகங்களாகிவிட, அப்புறம் எடுத்த ரீடிங் மொத்தமும் வேறு மாதிரி வந்தது. அடுத்த ஆண்டு இங்கிலாந்து போன இடத்தில்தான், எலெக்ட்ரான் போன்ற துகளும் அலையாக நடக்கும் என்று பிரெஞ்சு இயற்பியலாளர் டி ப்ராய் சொன்னதற்கும் தன் ரீடிங்குக்கும் தொடர்பு இருக்கலாம் என்று டேவிசன் தெரிந்துகொண்டார். திரும்பி வந்து ஒற்றைப் படிகத்தில் செய்து பார்த்தார்கள். 1927-ல் வெளியான முடிவில், 54 வோல்ட்டில் அளந்த எலெக்ட்ரான் அலைநீளம் 1.65 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு), டி ப்ராய் கணக்குப்படி 1.67. மோட்டார் காயில் கட்டிப் பிழைக்கிற எனக்கே இதைப் படித்தபோது சிலிர்த்தது, பதினேழு வயதுப் பிள்ளைக்கு இதைச் சொல்லாமல் விடலாமா?

அமெரிக்க இயற்பியலாளர் மில்லிகன் கதையும் அப்படித்தான். உலோகத்தில் ஒளி பட்டால் எலெக்ட்ரான் வெளிவருவது பற்றி ஐன்ஸ்டீன் சொன்ன சமன்பாடு தப்பு என்று நினைத்துப் பல ஆண்டுகள் பாடுபட்டு, கடைசியில் 1916-ல் அந்தச் சமன்பாடு சரி என்று அவரே அளந்து காட்டினார்.

கதையைச் சொல்வதோடு நிற்காமல் ஒரு எளிய சோதனையைச் செய்தும் காட்டலாம். சிவப்பு, பச்சை, நீல எல்இடி, 9 வோல்ட் பேட்டரி, ரெசிஸ்டர், வோல்டேஜைக் கூட்டிக் குறைக்க ஒரு பொட்டென்ஷியோமீட்டர், மல்டிமீட்டர், அவ்வளவுதான். கோவையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும். அறையை இருட்டாக்கி வோல்டேஜை மெல்ல ஏற்றினால் சிவப்பு ஒன்றரையைத் தாண்டியதும் லேசாக மினுங்கும், நீலத்துக்கு இரண்டரை பக்கம் போக வேண்டும். அந்த வோல்டேஜையும் அந்த நிறத்தின் அலைநீளத்தையும் வைத்து, ஐன்ஸ்டீன், டி ப்ராய் இருவர் சமன்பாட்டிலும் வரும் பிளாங்க் மாறிலி என்ற எண்ணைப் பிள்ளைகளே தோராயமாகக் கணக்குப் போட்டு எடுத்துவிடலாம்.

1928-ல் ராமன் விளைவு கண்டறியப்பட்டதற்காகத்தான் பிப்ரவரி 28 அறிவியல் தினம். வருகிற அறிவியல் தினத்துக்குப் பேச்சுப் போட்டியோடு இந்தச் சோதனையையும் கோவை, ஈரோடு, நாமக்கல் பள்ளிகள் செய்ய வேண்டும் என்று உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். சூலூர் பக்கத்துப் பள்ளிகளுக்கு மல்டிமீட்டரும் மற்ற சாமான்களும் எங்கள் பட்டறையிலிருந்து தருகிறேன், வந்து இணைத்தும் கொடுக்கிறேன்.

- மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கும் வாசகர், சூலூர்