ஒரு சம்பளத்துக்கு ரெண்டு கவர்னர்

டேய் மச்சான்,

முட்டிவலி தேவலையா? நான் இன்னும் ஆஸ்டின்ல பையன் வீட்டுலதான். வெயில் தாங்கல, ஏசிக்காகவே போன வாரம் டெக்சாஸ் கேப்பிடல் பில்டிங்குக்குள்ள, அதான் இந்த மாநிலத்து சட்டசபைக் கட்டடம், நுழைஞ்சுட்டேன். நடு மண்டபம் சுவர் பூரா பழைய கவர்னருங்க படம், வரிசையா கோட்டு போட்ட ஆம்பளைங்க, நடுவுல ஒரு அம்மா! மிரியம் அமாண்டா ஃபெர்குசன். இனிஷியல் எம், ஏ, அதனால ஊரே 'மா'ன்னு கூப்பிட்டிருக்கு.

கதை என்னன்னா, அவங்க புருஷன் ஜிம் முன்னாடி கவர்னர். இங்க கவர்னர்னா நம்மூரு முதலமைச்சர் மாதிரி, ஜனங்க ஓட்டுப் போட்டு வர்ற பதவி. தனக்குப் பிடிக்காத புரொஃபசருங்கள யூனிவர்சிட்டி வெளிய அனுப்பலன்னு மொத்த ஃபண்டையும் வெட்டுன ஆளு, பண விவகாரமும் சேர்ந்துக்க 1917ல பதவிய பறிச்சு இனிமே நிக்கவே கூடாதுன்னுட்டாங்க. மனுஷன் விடுவாரா, 1924ல பொண்டாட்டிய நிறுத்திட்டாரு, அதுவும் பொம்பளைங்களுக்கு ஓட்டே கூடாதுன்னு பேசிட்டிருந்தவரு! "ஒரு சம்பளத்துக்கு ரெண்டு கவர்னர்"னு வெளிப்படையாவே பிரசாரம். போட்டோக்காரங்க வந்தப்ப அந்தம்மா யாரோட துணித்தொப்பியவோ இரவல் வாங்கி கட்டிக்கிட்டு பண்ணையில நின்னு போஸ் குடுத்திருக்கு, பக்கா பட்டிக்காட்டு அம்மா மாதிரி. நிஜத்துல வசதியான குடும்பம்டா, காலேஜ் போனவங்க.

நானா இருந்தா சிரிச்சுட்டு ஓட்ட மாத்திப் போட்டிருப்பேன்னு நெனச்சேன், ஆனா எதிர்ல நின்னது யாரு? கூ க்ளக்ஸ் கிளான்ங்கற வெள்ளை இனவெறிக் கும்பலோட ஆதரவுல நின்ன டல்லாஸ் ஜட்ஜ் ஃபெலிக்ஸ் ராபர்ட்சன். அந்தக் காலத்துல டெக்சாஸ்ல டெமாக்ரடிக் கட்சிக்குள்ள ஜெயிச்சாலே கவர்னர் ஆன மாதிரிதான், ஆகஸ்ட்ல நடந்த ரெண்டாவது ரவுண்டுல கிட்டத்தட்ட 1 லட்சம் ஓட்டு வித்தியாசத்துல மா ஜெயிச்சாங்க. முகமூடி போட்டுக்கிட்டு ராத்திரி ஆள அடிக்கிற கும்பலுக்கு, பதவி போனவரோட பொண்டாட்டி எவ்வளவோ மேல்னு ஜனங்க நெனச்சிருக்கணும், நானும் அப்படித்தான் குத்தியிருப்பேன்.

பதவிக்கு வந்ததும் முகமூடிக்குத் தடை போட்டு சட்டம் கொண்டாந்தாங்க, சரி. ஆனா மாசத்துக்கு சராசரியா 100 கைதிக்கு மன்னிப்பு! காசு வாங்கிட்டுதான் விடறாங்கன்னு ஊரெல்லாம் பேச்சு. 1926ல அதே கட்சிக்குள்ள எதிர்த்து நின்ன டான் மூடிகிட்ட தோத்தாங்க. இன்னொரு கூத்து, வயோமிங்ங்கற இன்னொரு மாநிலத்துல நெல்லி ராஸும் 1924 நவம்பர்ல அதே எலெக்‌ஷன் நாள்ல கவர்னரா ஜெயிச்சு 15 நாள் முன்னாடியே பதவியேத்துட்டாங்க, அதனால நாட்டோட முதல் பெண் கவர்னர்ங்கற பேரு ஃபெர்குசன் அம்மாவுக்கு இல்ல.

இவ்வளவுக்கும் அப்புறம் 1932ல மறுபடி நின்னு ஜெயிச்சிருக்காங்கடா! நீயா இருந்தா யாருக்குப் போட்டிருப்ப, எழுது. பேத்தி இழுக்கறா, பார்க்குக்கு போணுமாம்.