‘ஷார்ப்பா இல்லை’ என்று எழுதிய தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நம் புகைப்படக் குழுவில் போன வாரம் ஒருவர் போட்ட மழைப் படத்தின் கீழ், குடையோடு ஓடும் சிறுமி படத்தின் கீழ், நீங்கள் எழுதியதைப் படித்தேன். “ஷார்ப்பா இல்லை. சப்ஜெக்ட் நட்டநடுவுல நிக்குது. ரூல் ஆஃப் தேர்ட்ஸ் என்னன்னு படிச்சிட்டு வாங்க.” (ஃப்ரேமை மூன்று சம பங்காகப் பிரித்து, முக்கியமானதை நடுவில் வைக்காமல் பிரிக்கும் கோட்டில் வை என்கிற விதி அது.) உங்கள் கருத்துக்கு மேலே வரிசையாக அருமை, செம, வேற லெவல், கைதட்டும் பொம்மைகள். மறுநாள் பார்த்தால் படமே இல்லை. எடுத்தவர் நீக்கிவிட்டார். உண்மையைச் சொன்னால் இங்கே யாருக்கும் தாங்குவதில்லை, எல்லோருக்கும் புகழ்ச்சிதான் வேண்டியிருக்கிறது என்று நீங்கள் தனியாக ஒரு பதிவும் போட்டீர்கள். பாதி சரி. மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கடிதம்.

“அருமை” என்ற சொல்லை வைத்துக்கொண்டு யாரும் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. ஒத்துக்கொள்கிறேன். அதில் பாதிக்கு மேல் கொடுக்கல் வாங்கல். நாளை நான் போடும் படத்துக்கும் ஒன்று திரும்பி வரட்டும் என்ற கணக்கு. ஆனால் உங்கள் மூன்று வரியை வைத்துக்கொண்டும் அந்த மனிதரால் ஒன்றும் செய்ய முடியாது. உங்கள் கருத்து கடுமையாக இருந்ததைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. அதில் அந்தப் படம் இல்லை என்பதுதான் என் புகார். அதே மூன்று வரியை வேறு நூறு படங்களின் கீழ் ஒட்டினாலும் பொருந்தும். “அருமை”யும் அப்படித்தானே? இரண்டுமே இரண்டு விநாடி பார்த்துவிட்டு எழுதக்கூடியவை.

ஷார்ப்பிலிருந்தே தொடங்குவோம். ஒரு படம் மங்கலாகத் தெரிவதற்குக் குறைந்தது மூன்று காரணங்கள் உண்டு, மூன்றும் பார்த்தாலே பிடிபடும். கை ஆடியிருந்தால் ஃப்ரேமில் உள்ள அத்தனையும் ஒரே பக்கமாக இழுபட்டிருக்கும். ஃபோகஸ் தவறியிருந்தால் ஆள் மங்கலாக இருக்க, அவருக்கு முன்னாலோ பின்னாலோ வேறு ஏதாவது துல்லியமாக இருக்கும். ஆள் அசைந்திருந்தால் அசையாதவை எல்லாம் தெளிவாக இருக்க, அசைந்த பகுதி மட்டும் கலைந்திருக்கும். அந்தப் படத்தில் பின்னாலிருந்த படிக்கட்டின் ஒவ்வொரு விளிம்பும் தெளிவாக இருந்தது. ஓடுகிற சிறுமியின் கால்களும் குடையின் ஓரமும்தான் கலைந்திருந்தன. ஆக, மூன்றாவது வகை. ஷட்டர் 1/60 விநாடி திறந்திருக்கும்படி எடுத்திருந்தார் என்று வைத்துக்கொள்வோம். 1/500-க்குப் போயிருந்தால் கால் ஏறக்குறைய உறைந்திருக்கும். அதற்கு விலை மூன்று ஸ்டாப், அதாவது வெளிச்சம் மூன்று முறை பாதியாகக் குறையும்: அதை ஈடுகட்ட, கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓ 400-லிருந்து 3200-க்கு ஏற வேண்டும், மேக மூட்டத்தில் நிழல்களில் நாய்ஸ் என்கிற புள்ளிப் புள்ளியான இரைச்சல் தெரிய ஆரம்பிக்கும். இதை எழுதியிருந்தால் அடுத்த மழையில் அவர் கையில் ஒரு முடிவு இருந்திருக்கும். கால் கலைந்ததுதான் அந்தப் படத்துக்கு ஓட்டத்தையே கொடுத்தது என்பது என் கட்சி. அது வேறு வாக்குவாதம், நடக்கட்டும். ஆனால் அந்த வாக்குவாதம் நடக்கவே இல்லையே.

இன்னொன்று, ஷார்ப்பைப் பற்றித் தீர்ப்பு எழுதும்போது நாம் எதைப் பார்த்து எழுதுகிறோம்? 24 மெகாபிக்சல் கேமரா தரும் படம் 6000-க்கு 4000 பிக்சல். அது 1080 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கப்பட்டு நம் ஃபோனுக்கு வரும்போது 1080-க்கு 720. அதாவது எடுத்ததில் ஏறத்தாழ 3 சதவீதம், அதுவும் மறுபடி அமுக்கப்பட்டு. இரவில் திரை வெளிச்சத்தைக் குறைத்து, கண்ணுக்கு இதமான மஞ்சள் வடிகட்டியைப் போட்டுக்கொண்டு படுத்தபடி பார்ப்பவர் “டார்க்கா இருக்கு, ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) சரியில்லை” என்று எழுதுவதையும் பார்த்திருக்கிறேன்.

ரூல் ஆஃப் தேர்ட்ஸ் பற்றி நீளமாகப் பேசப் போவதில்லை. அந்தப் பெயரில் அதை அச்சில் எழுதியவர் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேயர், 1797-ல். இயற்கைக் காட்சி ஓவியத்தில் வானத்துக்கு எவ்வளவு, நிலத்துக்கு எவ்வளவு என்ற பேச்சு அது. புகைப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதே 1839-ல்தான். பழையது என்பதற்காக அதைத் தள்ளச் சொல்லவில்லை, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அந்தச் சிறுமியின் இரண்டு பக்கமும் படிக்கட்டு சமமாக விரிந்திருந்தது. அவளை ஓரத்துக்குத் தள்ளியிருந்தால் என்ன கிடைத்திருக்கும், என்ன போயிருக்கும்? அதற்குப் பதில் உங்களிடம் இருந்திருந்தால் அதை எழுதியிருக்கலாம். விதியின் பெயரை மட்டும் எழுதினால் அது பதிலாகிவிடாது.

பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே-பிரஸ்ஸோன் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். 1932-ல் பிரான்ஸின் இயேர் ஊரில் அவர் எடுத்த படம்: மேலிருந்து பார்க்கும் வளைந்த படிக்கட்டு, இரும்புக் கைப்பிடி, கீழே தெருவில் கலங்கலாகக் கடந்து போகும் ஒரு சைக்கிள்காரர். 2006-ல் ஒருவர் விளையாட்டாக அதைத் தன் படம்போல ஃபிளிக்கர் என்ற படப் பகிர்வுத் தளத்தில் ஒரு குழுவில் போட்டார். படத்தை வைக்கலாமா, நீக்கலாமா என்று வாக்களிக்கும் குழு அது. பலர் நீக்கச் சொன்னார்கள். சைக்கிள் கலங்கல், கிரெயின் (ஃபிலிமின் பொடிப் புள்ளிகள்), தெளிவில்லை என்று குறைகள். இதைச் சொல்லி எல்லோரும் அந்த மக்களைப் பார்த்துச் சிரிப்பது வழக்கம். எனக்கு முழுச் சிரிப்பு வரவில்லை. அதே படம் எடுத்தவர் பெயரோடு வந்திருந்தால் அதே ஆட்கள் “மாஸ்டர்பீஸ்” என்று எழுதிவிட்டு நகர்ந்திருப்பார்கள். அப்போதும் கைப்பிடியின் வளைவு கண்ணை எப்படிச் சுற்றிக்கொண்டு போய் அந்தச் சைக்கிளிடம் விடுகிறது என்று யாராவது எழுதியிருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

படம் எடுத்தவருக்கு வெளியாள் ஒருவரின் கண் ஏன் தேவைப்படுகிறது? அவரால் தன் படத்தைப் பார்க்க முடியாது, அதனால். அவருக்கு மழையின் சத்தம் தெரியும், நனைந்த சட்டை தெரியும், எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்பது தெரியும். அதெல்லாம் ஃப்ரேமுக்குள் இருப்பதாகவே அவருக்குத் தோன்றும். அமெரிக்கத் தெருப் புகைப்படக்காரர் கேரி வினோகிராண்ட் தான் எடுத்த ஃபிலிமை உடனே கழுவாமல் ஒரு வருடம்கூடப் போட்டு வைப்பார். எடுத்த நேரத்து மனநிலை வடிந்த பிறகு படத்தைப் படமாகப் பார்க்கலாம் என்பதற்காக. (1984-ல் அவர் இறந்தபோது கழுவாத சுருள்கள் மட்டும் ஏறத்தாழ 2,500 இருந்தன. அதை முன்மாதிரியாகக் கொள்ளச் சொல்லவில்லை.) நமக்கு அந்த ஒரு வருடக் காத்திருப்பு தேவையில்லை. நாம் அங்கே இருந்ததில்லை. படத்தில் வந்து சேர்ந்தது மட்டும்தான் நமக்குத் தெரியும். என் கண் முதலில் எங்கே போனது, பிறகு எங்கே போனது, எங்கே முட்டி நின்றது என்பதை எழுதினாலே எடுத்தவருக்கு அது பெரிய செய்தி. நல்லது கெட்டது அப்புறம். லிஸ் லெர்மன் என்ற நடன அமைப்பாளர் கலைப் படைப்புகளைப் பற்றிப் பேச ஒரு முறையை வகுத்திருக்கிறார். அதில் கருத்து சொல்வது கடைசிப் படி, அதுவும் படைத்தவர் சம்மதித்தால்தான். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. ஆனால் வரிசை சரி என்று நினைக்கிறேன்.

இவ்வளவு பேசிவிட்டு உங்கள் படத்தைப் பார்க்காமல் போனால் நியாயமில்லை. சென்ற மாதம் நீங்கள் போட்ட ஜன்னலோரப் பெரியவர் படம். அதன் கீழும் “அருமை”தான் குவிந்தது, நானும் ஒரு லைக் போட்டுவிட்டுப் போனேன். இப்போது உட்கார்ந்து பார்த்தேன். என் கண் முதலில் வலது மேல் மூலைக்குப் போகிறது. அங்கே ஜன்னல் வெறும் வெள்ளை. அதிலிருந்து கீழிறங்கி அவர் கைக்கு வருகிறது, முகத்துக்குக் கடைசியில்தான் போகிறது. முகம் இருட்டாக இருப்பது எனக்குத் தொந்தரவாக இல்லை. மூலைதான் தொந்தரவு. கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் RAW கோப்பாக எடுத்திருந்தால் அந்த வெள்ளையில் கொஞ்சம் விவரம் மீதமிருக்கலாம், ஹைலைட்டை, அதாவது மிக வெளிச்சமான பகுதிகளை, இறக்கிப் பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால் வலப்பக்கத்தை வெட்டிவிடலாம், ஆனால் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பது அதோடு போய்விடும். எனக்குப் பிடித்தது அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருப்பது. மடியில் செய்தித்தாள் விரிந்திருக்கிறது, கண்ணாடி கையில். படித்து முடித்துவிட்டாரா, இனிமேல்தான் மாட்டப்போகிறாரா? நீங்கள் எடுக்க நினைத்தது முகத்தையா, அந்தக் கையையா? கையைத்தான் என்றால் இன்னும் ஓர் அடி கீழிறங்கி எடுத்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

அந்த ஃப்ரேமுக்கு முன்னும் பின்னும் கிளிக் செய்தவை அழிக்காமல் இருந்தால் எனக்கு அனுப்புங்கள். எடிட் செய்ய வேண்டாம், அப்படியே. மழைப் படத்தின் நண்பருக்கும் ஒரு வார்த்தை தனியாக எழுதுங்கள். படம் அவரிடம் இன்னும் இருக்கும்.

அன்புடன்,
குழுவில் பெரும்பாலும் லைக் மட்டும் போட்டுக்கொண்டிருக்கும் ஓர் அண்ணன்