முதல் வாரத் தலைவலி பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மாதக் கடைசியில் கணக்குச் சீட்டோடு இரண்டு வரி எழுதி அனுப்புவதுதான் என் வழக்கம். இந்த முறை நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. காரணம் உங்களில் பலருக்குத் தெரியும். இங்கே பெங்களூரு அல்சூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் கிளம்பிய குரல்பதிவு, ஜோகுபாளையம், மர்பி டவுன் என்று சுற்றி, மூன்றே நாளில் என் அக்கா மகள் வழியாக என்னிடமே வந்து சேர்ந்தது. "அந்த அம்மா அனுப்பும் கீட்டோ சாப்பாட்டைச் சாப்பிட்ட நான்காம் நாளே என் வீட்டுக்காரர் தலையைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறார். பழைய எண்ணெயையே திரும்பத் திரும்ப ஊற்றுகிறார்கள் போலிருக்கிறது" என்கிறது அந்தப் பதிவு. கீட்டோ என்றால், மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டிச் சாப்பிடும் உணவுமுறை.

தலைவலியை நான் மறுக்கவில்லை. எரிந்து விழுந்ததையும் நம்புகிறேன். எண்ணெய் பற்றிய பேச்சைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நம் அடுக்களையில் புழங்குவது தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், நெய் ஆகிய மூன்றுதான். எண்ணெய் காங்கேயத்திலிருந்து 15 லிட்டர் டின்னில் வருகிறது. ஒவ்வொரு டின்னின் மேலும் திறந்த தேதியை என் கையால் எழுதுகிறேன். பொரிப்பது வாரத்தில் இரண்டே நாள், செவ்வாயும் சனியும். பொரித்து மிஞ்சிய எண்ணெய் அன்று மாலையே நீலக் கேனுக்குப் போய்விடும். பயோடீசலுக்காக அதை வாங்கிப் போகிறவரின் ரசீதுகள் ஒரு கோப்பு நிறைய இருக்கின்றன. பொரித்த எண்ணெயில், அது கெடக் கெடக் கூடும் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 முதல் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி இருக்கிறது. ஒரே முறை பொரிக்கும் எண்ணெய் அந்த எல்லையின் அருகில்கூடப் போகாது. 2025இல் தேங்காய் எண்ணெய் விலை ஏறிய ஏற்றத்தை உங்கள் வீட்டிலும் பார்த்திருப்பீர்கள். அந்த மாதங்களில்கூட ஒரு கரண்டி வேறு எண்ணெய் கலக்கவில்லை. இவ்வளவும் சொல்ல வேண்டிய நிலை வந்ததே என்று வருத்தமாக இருக்கிறது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். அந்த வாரம் ஒரே சட்டியிலிருந்து 64 கேரியர்கள் போயின. தலைவலி, சோர்வு என்று எனக்குப் போன் செய்தவர்கள் ஐந்து பேர். ஐவருமே அந்த வாரம் புதிதாகச் சேர்ந்தவர்கள். எட்டு மாதமாக, ஒரு வருடமாகச் சாப்பிடுகிறவர்களில் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. எண்ணெய் கெட்டிருந்தால் அது புதியவர், பழையவர் என்று பார்த்தா வேலை செய்யும்?

உடம்புக்குள் நடப்பது வேறு. கீட்டோவில் ஒரு நாளைய மாவுச்சத்து 20 முதல் 50 கிராமுக்குள் இறங்கிவிடுகிறது. நூறு கிராம் சோற்றிலேயே ஏறத்தாழ 28 கிராம் இருக்கிறது என்றால், வழக்கமாக நாம் சாப்பிடுவது எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வரவு நின்றதும் ஈரலும் தசைகளும் சேர்த்துவைத்த கிளைக்கோஜன் என்ற சர்க்கரை இருப்பை உடம்பு எடுத்துச் செலவழிக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். அது கரையும்போது தண்ணீரும் சிறுநீராகப் போய்விடும். "அம்மா, ஐந்தே நாளில் இரண்டு கிலோ குறைந்துவிட்டது" என்று மகிழ்ச்சியாகப் போன் செய்கிறீர்களே, அதில் பெரும்பங்கு இந்தத் தண்ணீர்தான். கூடவே இன்சுலினும் தாழ்வதால், சிறுநீரகம் உப்பைத் தேக்கிவைக்காமல் வெளியே விடுகிறது. உப்பும் நீரும் போனால் எழுந்து நிற்கும்போது கிறுகிறுப்பு, தலைவலி, இரவில் கெண்டைக்கால் பிடிப்பு எல்லாம் வரும். மூளையோ இத்தனை வருடமும் குளுக்கோசிலேயே ஓடிப் பழகியது. கொழுப்பு எரிந்து கிடைக்கும் கீட்டோன்களுக்கு அது பழகச் சில நாள் ஆகிறது. அந்த இடைவெளியில்தான் சோர்வும் மந்தமும், காரணமே இல்லாத சிடுசிடுப்பும்.

இதைக் கீட்டோ காய்ச்சல் என்று சொல்கிறார்கள். கிருமியும் இல்லை, உடம்பும் சுடாது. இரண்டாம் மூன்றாம் நாளில் தொடங்கிப் பெரும்பாலோருக்கு ஒரு வாரத்தில் அடங்கிவிடும், சிலருக்கு இரண்டு மூன்று வாரம் இழுக்கும். உடம்பு உண்மையிலேயே சுட்டாலோ, வாந்தி பேதி இருந்தாலோ அது வேறு விஷயம். அப்போது என்னைக் கூப்பிடுவதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள்.

2017இல் நான் இந்த உணவுமுறைக்கு மாறியபோது ஐந்தாம் நாள் காலையில் என் மாமியார், "கதவைச் சாத்திவிட்டுப் போ" என்று சொன்னதற்காகக் கத்திவிட்டேன். அவரை நான் அதற்கு முன் ஒரு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை. அடுக்களையில் நின்று அழுதேன், ஏன் கத்தினேன் என்று எனக்கே புரியவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் புளியைக் குறைத்து, கல்லுப்பைத் தாராளமாகப் போட்டு, ஒரு சொம்பு மிளகு ரசம் வைத்துக் கொடுத்தார். ஒரு மணி நேரத்தில் தலைப்பாரம் இறங்கியது. நம் கேரியரோடு வரும் சூப்புத் தூக்கு அந்தச் சொம்பிலிருந்துதான் வந்தது. அசைவக்காரர்களுக்கு எலும்பு சூப்பு, சைவர்களுக்கு முருங்கைக்கீரையும் மிளகும் கொதித்த சாறு. சூப்பு வைத்துக்கொண்டிருந்த சமையல்கார அக்கா, தன் மகளின் பிரசவத்துக்காக வாணியம்பாடிக்குப் போனதால் சென்ற மாதம் பத்து நாள் அந்தத் தூக்கு வரவில்லை. முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், மன்னியுங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் செய்யும் சில தவறுகள் எனக்கு நன்றாகத் தெரிந்துவிட்டன. சோற்றை விட்ட அதே நாளில் காபியையும் விடுகிறார்கள். தினம் மூன்று முறை காபி குடித்தவருக்கு அதை நிறுத்தினாலே தலை வலிக்கும். இரண்டு தலைவலியையும் ஒன்றாகச் சுமப்பானேன்? சர்க்கரையை மட்டும் நிறுத்திவிட்டு, டிகாக்‌ஷனோடு கொஞ்சம் கிரீம் சேர்த்துக் குடியுங்கள். சிலர் நான்கைந்து லிட்டர் வெறும் தண்ணீரைக் குடிக்கிறார்கள். உப்பில்லாமல் தண்ணீரை மட்டும் ஏற்றினால் இருக்கிற உப்பும் நீர்த்துப்போகும். சிலருக்கோ நம் ஊர் டிசம்பர் குளிரில் தாகமே எடுப்பதில்லை, நாள் முழுக்க இரண்டு டம்ளரோடு முடித்துக்கொள்கிறார்கள். கேரியரில் வைக்கும் நெய்யையும் தேங்காய்ச் சட்னியையும் ஒதுக்கிவிட்டுக் காய்கறியை மட்டும் சாப்பிட்டால் சோர்வு வராமல் என்ன செய்யும்? மாவும் இல்லை, கொழுப்பும் இல்லை என்றால் உடம்பு எதை எரிக்கும்? ஏரியைச் சுற்றி ஓடுவதை முதல் பத்து நாளுக்கு நடையாக மாற்றிக்கொள்ளுங்கள். பட்டர் ஃப்ரூட், கீரை, பாதாம், பூசணி விதை ஆகியவற்றில் பொட்டாசியமும் மக்னீசியமும் இருக்கின்றன. அவற்றை நாங்கள் அழகுக்காக வைப்பதில்லை, தயவுசெய்து திருப்பி அனுப்பாதீர்கள். அலுவலகத்தில் முக்கியமான வேலை இருக்கும் வாரத்தில் தொடங்கவே வேண்டாம். ஒரேயடியாக விட முடியாதவர்கள் முதலில் இரவுச் சோற்றையும், அடுத்த வாரம் காலை இட்லியையும் விடலாம்.

ஒன்றில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் மாவுச்சத்தைக் குறைத்தால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளோடு கீட்டோ சேர்ந்தால், சர்க்கரை அளவு அதிகம் ஏறாமலேயே ரத்தத்தில் ஆபத்தான அளவுக்கு அமிலம் கூடலாம். ரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு உப்பைத் தாராளமாகச் சேர்க்கும் இந்த யோசனை பொருந்தாது. இவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவர் எழுதித் தராமல் என்னிடம் சேர முடியாது. 1921இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர் என்ற மருத்துவர் இந்த உணவுமுறைக்குப் பெயர் வைத்து முன்மொழிந்ததே வலிப்பு நோய்க்கான சிகிச்சையாகத்தான். சிகிச்சையாகப் பிறந்ததை விளையாட்டாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

அந்தப் பதிவு வந்த அன்று மாலை, ஜீவன்பீமா நகரிலிருந்து வயதான தம்பதி ஆட்டோ பிடித்து என் வாசலுக்கு வந்து, "நாங்கள் இருக்கிறோம் அம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஊரடங்குக் காலத்தில் மூன்று மாதப் பணத்தை முன்பணமாகக் கொடுத்து இந்த அடுப்பை அணையாமல் காத்தவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். அந்த நன்றி என் கையிலிருந்து போகும் ஒவ்வொரு கேரியரிலும் இருக்கிறது.

ஒன்றாம் தேதி முதல் மாதக் கட்டணம் 400 ரூபாய் கூடுகிறது. சூப்பு புதியவர்களுக்கு முதல் 15 நாள் மட்டும் கேரியரோடு வரும், மற்றவர்கள் முந்தின நாள் சொன்னால் தனியாகத் தருவோம்.

எந்தச் செவ்வாய்க்கிழமையும் மாலை நான்கு மணிக்கு மேல் அடுக்களைக்கு வாருங்கள். டின்னில் எழுதிய தேதியையும் நீலக் கேனையும் நீங்களே பார்க்கலாம். பதிவு அனுப்பிய சகோதரிக்கு ஒரு வார்த்தை: எனக்கு உங்கள் மேல் வருத்தம் இருக்கிறது, கோபம் இல்லை. உங்கள் வீட்டுக்காரருக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். நாளை மதியம் கேரியர் கொண்டுவரும் தம்பியிடம் ஒரு தூக்கு எலும்பு சூப்பு கொடுத்துவிடுகிறேன், சூடு ஆறுவதற்குள் குடிக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அல்சூர் பஜார் தெரு அடுக்களையிலிருந்து