என் இழப்பீட்டு வழக்கில் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

ரயிலிலிருந்து விழுந்து இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்த எனக்கு இழப்பீடு தரச் சொல்லி, ரயில்வே உரிமைகோரல் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு உத்தரவிட்டது. பணமும் வந்துவிட்டது. வழக்கு என் பெயரில் நடந்தாலும் ஜெயித்துக் கொடுத்தவர்கள் நீங்கள்தான். உங்களில் பாதிப் பேரின் பெயர்கூட எனக்குத் தெரியாததால் பொதுவில் எழுதுகிறேன்.

டிக்கெட் வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற அண்ணனுக்குத்தான் முதல் நன்றி. ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டிவிட்டு நான் முழித்தபோது சில்லறை மாற்றிக் கொடுத்தீர்கள். அதே முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறினீர்கள். நான் விழுந்ததும் அபாயச் சங்கிலியை இழுத்து, இறங்கி ஓடிவந்து, உங்கள் துண்டால் என் தொடையை இறுக்கிக் கட்டினீர்கள். அவசரப் பிரிவில் சட்டையைக் கத்தரித்து எடுத்தபோது பையிலிருந்த டிக்கெட்டும் ரத்தத் துணியோடு குப்பைக்குப் போய்விட்டது. "டிக்கெட் இல்லை, இவர் பயணியே இல்லை" என்று எதிர்த்தரப்பான ரயில்வே வாதாடியபோது, வேலைக்கு லீவு போட்டு வந்து, அந்தச் சில்லறை விஷயத்தைப் பிரமாணப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்தீர்கள். டிக்கெட் கிடைக்கவில்லை என்பதை மட்டும் வைத்து ஒருவரைப் பயணி இல்லை என்று ஒதுக்க முடியாது என்று 2018-இல் ரீனா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சரி, ஆனால் டிக்கெட் வாங்கியதைப் பார்த்தேன் என்று சொல்ல ஒரு ஆள் கிடைப்பது லேசுப்பட்ட காரியமா?

அன்று இரவே வார்டுக்கு வந்து வாக்குமூலம் வாங்கிய ரயில்வே போலீஸ் ஏட்டையாவுக்கு நன்றி. 'கூட்டம் நெருக்கியதில் வாசலிலிருந்து தவறி விழுந்தேன்' என்று நான் சொன்னதை அப்படியே எழுதினீர்கள். 'ஓடும் ரயிலில் ஏற முயன்று' என்று யாராவது எழுதிவிட்டால் அப்புறம் அதை மாற்றப் பெரும்பாடு பட வேண்டியிருக்கும். விபத்துப் பதிவேட்டில் 'மது வாடை இல்லை' என்று மறக்காமல் குறித்த டாக்டரம்மா, குடிபோதை வாதத்தை உங்கள் அந்த ஒரு வரிதான் அடைத்தது.

செயற்கைக் கால் பொருத்தப் போன இடத்தில் பக்கத்து நாற்காலியில் இருந்த அக்காவை எப்படி விட முடியும்? ஒரு வருடத்துக்குள் மனுப் போட வேண்டும், குடியிருக்கும் ஊருக்கான அமர்விலேயே போடலாம், யார் மேல் தப்பு என்று நிரூபிக்கத் தேவையில்லை என்றெல்லாம் நீங்கள் சொன்ன பிறகுதான் எனக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரியும். செத்துப்போனால்தான் பணம் வரும் என்று எங்கள் தெருவில் இன்னும் நினைக்கிறார்கள். 2017-லிருந்து உயிரிழப்புக்கு 8 லட்சம். உறுப்பு இழந்தவர்களுக்கும் எந்தக் காயத்துக்கு எவ்வளவு என்று அட்டவணையே இருக்கிறது.

வக்கீல் சாருக்குத் தனியாக நன்றி. "வாசலோரம் நின்றது அவர் குற்றம்" என்ற வாதத்துக்கு நீங்கள் ரயில்வே சட்டத்தின் 124-ஏ பிரிவையே படித்துக் காட்டினீர்கள். தற்கொலை, தானே வேண்டுமென்று தேடிக்கொண்ட காயம், குற்றச் செயல், போதை அல்லது மனநிலை பிறழ்ந்த நிலையில் செய்தது, நோய் இவைதான் இழப்பீடு கிடையாது என்ற விலக்கு. கவனக்குறைவு அந்தப் பட்டியலில் இல்லை.

ஏட்டையா, நீங்கள் மாற்றலாகிப் போய்விட்டதாகச் சொன்னார்கள். இந்த மடல் உங்கள் கண்ணில் பட்டால் ஒரு போன் போடுங்கள். என் நம்பர் அந்த வாக்குமூலத்திலேயே இருக்கிறது, அம்மா உங்களிடம் பேச வேண்டுமாம்.

நன்றியுடன்,
உங்களால் நிமிர்ந்தவன்