விடுமுறைக்கு வராத மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

போனில் பேசினால் "ம்", "சாப்பிட்டேன்", "வைக்கிறேன்" என்று முடித்துவிடுகிறாய். கடிதமென்றால் நான் சொல்ல வந்ததை முழுக்கச் சொல்லலாம். குறுக்கே நீ வைத்துவிட முடியாது.

அரையாண்டு விடுமுறைக்கு விடுதியில் பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டார்களாம். நீ சிறப்பு வகுப்பைச் சொல்லி அங்கேயே இருந்துவிட்டாய். எவ்வளவு பொறுப்பு பாருங்கள் என்று பெரியப்பா வீட்டில் பெருமையடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் இரவு ஒன்றரை மணி வரை படிக்கட்டு விளக்கடியில் உட்கார்ந்திருக்கிறாயாம். வார்டன் அம்மாவிடம் போய்ச் சண்டை போடாதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். பத்தரைக்குப் படுத்துவிடு.

அப்பா போனுக்கு மதிப்பெண் வந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. இயற்பியலைப் பற்றியும் கேட்கவில்லை. பத்தாம் வகுப்பில் அறிவியலுக்கு நூற்றுக்கு நூறு வாங்கிய பெண் நீ, அவ்வளவுதான் சொல்வேன். எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண்ணுக்குத்தானே? செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 தனியாக இருக்கிறது. பிப்ரவரியில் செய்முறை வந்துவிடும். ரெக்கார்டு நோட்டை இந்த விடுமுறையிலேயே முடித்து வை.

மார்ச் மாதம் எங்கள் பள்ளி தேர்வு மையமாகும்போது அறை அறையாகத் தண்ணீர் கொண்டுபோகிறவள் நான். போன வருடம் ஒரு பெண் ஒரு மதிப்பெண் வினாக்களை எழுதிய கையோடு விடைத்தாள் மேலேயே தலை சாய்த்துவிட்டாள். எழுப்பியபோது கன்னத்தில் நீல மை அப்பியிருந்தது. விடிய விடியப் படித்தாளாம். வகுப்பில் நன்றாகப் படிக்கிற பெண் என்று கூட வந்த பிள்ளைகள் சொன்னார்கள்.

தேர்வு காலை பத்து மணிக்கு நடக்கிறது பாப்பா, இரவு ஒன்றரைக்கு இல்லை. வினாத்தாளைப் படிக்கப் பத்து நிமிடம், விவரம் சரிபார்க்க ஐந்து நிமிடம், அப்புறம் ஒன்றேகால் வரை எழுத வேண்டும். விடுமுறையில் தினமும் அதே நேரத்துக்குப் பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து எழுதிப் பார். மதியம் சாப்பிட்டுவிட்டு அரை மணி நேரம் கண்ணை மூடு. மாலையில் தப்பாக எழுதியதை மட்டும் புரட்டிவிட்டு மைதானத்தில் நாலு சுற்று நட. பத்தரைக்குப் படு. நன்றாகத் தூங்கினால்தான் படித்தது மனதில் நிற்கும் என்று உங்கள் விலங்கியல் டீச்சரே பெற்றோர் கூட்டத்தில் சொன்னார். நான் சொன்னால்தான் உனக்குப் பழைய பல்லவி.

அண்ணன் விஷயத்தை இங்கே இழுக்க விரும்பவில்லை. உனக்கே தெரியும். இன்றைக்கு அவன் கடையில் நன்றாகத்தான் இருக்கிறான். நீ தன் போனை எடுப்பதில்லை என்று முந்தாநாள் சாப்பிடாமல் எழுந்துபோனான். அவனிடமாவது பேசு. அவனுக்குப் புரிகிற அளவு எனக்கோ அப்பாவுக்கோ புரியாது.

சாத்தூர் சேவு ஒரு கிலோ அனுப்பியிருக்கிறேன். ராத்திரிச் சோற்றுக்குப் பதிலாக அதைத் தின்றுவிட்டுப் படுக்காதே. கிணற்று மோட்டார் மறுபடி பழுது. சின்ன அத்தை மகளுக்குத் தையில் வளைகாப்பு. மற்றதெல்லாம் நேரில்.

ஜனவரி 13 அன்று அப்பா நாமக்கல்லுக்கு வந்து உன்னை அழைத்துக்கொள்வார். பொங்கலுக்கும் வகுப்பு இருக்கிறது என்று கதை சொல்லாதே, வார்டனிடம் கேட்டுவிட்டேன். இயற்பியல் புத்தகத்தைக் கொண்டுவருவதும் விட்டுவிட்டு வருவதும் உன் இஷ்டம். ரெக்கார்டு நோட்டை மட்டும் எடுத்து வா, படங்களுக்கு அண்ணன் கோடு போட்டுத் தருகிறேன் என்கிறான்.

அன்புடன்,
அம்மா